விட்டுவிடுகிற புண்ணியம்

"மீனைப் பிடிக்கிறார்கள்; நிறுத்துப் பார்க்கிறார்கள்; ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்; மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஜீவகாருண்யத்தை நாம் புஸ்தகத்திலே வைத்துப் பூஜை செய்துகொண்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் அதை ஏரிக்கரையில் நடத்திக் காட்டுகிறான்!"

என் நண்பர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து திரும்பிய நாள் முதலாக, கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறார். கோவில் மண்டபத்தில் சொன்னார்; கல்யாணப் பந்தியில் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் தலையாட்டியதுதான் என்னை இதை எழுத வைத்தது. ஒருவர் தவறாக எண்ணினால் அது அவருடைய சொந்த விஷயம். ஊரே தலையாட்டினால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நண்பர் உத்தமமான மனிதர். பரம சைவர். அவர் சொல்லுகிற தகவலில் பொய் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வாரமும் நானும் கூட இருந்தேன். அவருடைய மகன் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு முறை லீவு போட்டுவிட்டு ஏழு நாள் கெண்டை பிடிக்கப் போவது அவனுக்கு வழக்கம். அப்பாவையும் அப்பாவின் சிநேகிதனான என்னையும் சேர்த்து அழைத்துப் போனான். அவர் கண்டதையெல்லாம் நானும் கண்டேன். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட தீர்ப்புத்தான் வேரோடு தவறு என்கிறேன்.

முதலில் நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன இடம் நார்த்தாம்ப்டன்ஷயர் கிராமப்புறத்தில் ஓர் ஏரி. உண்மையில் அது ஜல்லி தோண்டியெடுத்த பள்ளம். தோண்டியவர்கள் போன பிறகு நீர் ஊறி நிறைந்து, கரையில் வில்லோ மரங்கள் வளர்ந்து, பார்க்க மிக ரம்மியமாக இருந்தது. அந்தத் தேசத்தில் கெண்டை ஏரிகளில் பல இப்படிப் பிறந்தவைதான். தூண்டில் போட அரசாங்க லைசென்ஸ் வேண்டும். ஏரிக்காரருக்கு வாரக் கட்டணம் தனி. சனிக்கிழமை மத்தியானம் போனால் அடுத்த சனிக்கிழமை காலையில் திரும்ப வேண்டும். பையன் இறக்கிய சாமான்களைப் பார்த்தபோது ஏதோ குடித்தனம் மாற்றுகிறவன் மாதிரி இருந்தது. கூடாரம், மடக்குக் கட்டில், அடுப்பு, மூன்று தூண்டில் கோல்கள், அவற்றை நிறுத்தத் தாங்கி, கைவலை, தராசு, மீனைக் கிடத்துவதற்கென்று மெத்தை. ஆம், மெத்தை. மீனுக்கு அடிபடக் கூடாதாம்.

இரை ஒரு தனி சாஸ்திரம். மாவில் முட்டை விட்டுப் பிசைந்து, வாசனைத் திரவியம் சேர்த்து, உருட்டி, வேகவைத்து எடுக்கிறார்கள். 'பாய்லி' என்று பெயர். நம் பாஷையில் கொழுக்கட்டை. ஸ்ட்ராபெர்ரி வாசனை, அன்னாசி வாசனை, மீன் வாசனை என்று விதவிதமாகக் கடையில் விற்கிறது.

முள் மாட்டுகிற விதம் இன்னும் நுட்பமானது. கெண்டைக்கு வாயில் பல் கிடையாது. பல் தொண்டைக்குள்ளே இருக்கிறது. வாயோரத்தில் நான்கு மீசை. எதையும் அது உடனே விழுங்காது. உறிஞ்சும், ருசி பார்க்கும், சந்தேகப்பட்டால் துப்பிவிடும். அத்தனை புத்திசாலியான பிராணியைப் பிடிக்க, 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கிலாந்துக்காரர்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். இரையை முள்ளில் குத்துவதில்லை. முள்ளிலிருந்து மயிர் போன்ற இழை ஒன்றைத் தொங்கவிட்டு அதில் கோத்துவிடுகிறார்கள். முள் வெறுமையாக நிற்கிறது. மீன் கொழுக்கட்டையை உறிஞ்சும்போது முள்ளும் கூட உள்ளே போகிறது. சந்தேகப்பட்டுத் துப்பும்போது முள் உதட்டில் ஏறிவிடுகிறது. எந்த ஜாக்கிரதை அதை இத்தனை காலம் காப்பாற்றியதோ, அந்த ஜாக்கிரதையே அதைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறது.

தூண்டில் என்றால் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே தக்கையும் இல்லை, பார்ப்பதும் இல்லை. ஈயக் குண்டு இரையை ஏரியின் அடியில் கிடத்திவிடும். கோல்களின் கீழே மின்சார மணி வைத்திருக்கிறது. நரம்பு அசைந்தால் மணி கூவும். அதுவரை பையன் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் ஒன்றும் அகப்படவில்லை. புதன்கிழமை இரவு இரண்டு மணிக்கு மணி கூவிற்று. கால்மணி நேரம் போராட்டம். கரைக்கு வந்தது இருபத்தாறு பவுண்டு கெண்டை. நம் கணக்கில் கிட்டத்தட்டப் பன்னிரண்டு கிலோ. மெத்தையில் கிடத்தித் தண்ணீர் தெளித்தார்கள். முள்ளைக் கழற்றினார்கள். உதட்டுக் காயத்தில் மருந்து தடவினார்கள். பக்கத்திலேயே ஆறிப்போன பழைய காயங்கள் இரண்டு இருந்தன. "மாமா, இந்த மீனை எனக்குத் தெரியும். போன வருஷம் எதிர்க்கரையில் ஒருத்தர் பிடித்தார்" என்றான் பையன், பழைய சிநேகிதரைச் சந்தித்தவன் போல. நண்பர் மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். போட்டோ எடுத்தாயிற்று. பிறகு தண்ணீரில் விட்டார்கள். அது ஒரு நிமிஷம் கரையோரம் அசையாமல் நின்றது. அப்புறம் வாலை ஒரு முறை வீசிவிட்டு இருட்டுக்குள் போயிற்று. நண்பரின் கண்களில் நீர் துளித்தது.

"பார்த்தீரா ஓய், உயிர்ப்பிச்சை!" என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்கு வழக்கு. பிச்சை போடுகிறவன் தன் கைப்பொருளைக் கொடுக்க வேண்டும். அந்த மீனின் உயிர் நம்முடையதா? தன் பாட்டுக்கு ஏரியடியில் மேய்ந்துகொண்டிருந்ததை ஏமாற்றி, உதட்டில் இரும்பை ஏற்றி, மூச்சு விட முடியாத இடத்துக்குத் தூக்கி வந்து, பிறகு விட்டுவிடுவது பிச்சையானால், ஜேப்படிக்காரன் பர்ஸைத் திருப்பிக் கொடுப்பதும் தர்மம்தான். அதுவும் போட்டோ எடுத்துக்கொண்டு!

"மீனுக்கு வலிக்கவே வலிக்காதாமே?" என்று சிலர் கேட்பார்கள். 2003-இல் லின் ஸ்னெட்டன் என்ற அம்மாளும் அவருடைய சகாக்களும் எடின்பரோ அருகே ரோஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில் ட்ரௌட் மீனைச் சோதித்தார்கள். அதன் தலையிலும் வாயோரத்திலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன் இரை தின்னாமல் கிடந்தது. உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்துக்கொண்டது. இதை வலி என்று சொல்லக் கூடாது என்று வாதிக்கிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இருக்கட்டும். கெண்டையைப் பற்றியே ஹாலந்துக்காரர் ஒருவர் செய்த சோதனை 1970-இல் வெளியாயிற்று. ஒரு முறை தூண்டிலில் மாட்டிய கெண்டையை மறுபடி மாட்டவைப்பது வெகு கஷ்டமாகிவிட்டது என்பது அதன் சாரம். ஒன்றுமே உறைக்காத பிராணி எதைக் கற்றுக்கொண்டு விலகுகிறது? இந்த மயிரிழை உபாயமும் புதுப் புதுக் கொழுக்கட்டைகளும் எதற்காகப் பிறந்தன? பழையவற்றை மீன் தெரிந்துகொண்டுவிட்டது என்பதற்காகத்தானே? கடை கடையாக விற்கிற அந்தச் சாமான்களே மீனுக்கு ஞாபகம் உண்டு என்று சாட்சி சொல்லுகின்றன.

"அப்படியானால் பென்ஸன் ஏன் திரும்பத் திரும்ப வந்து மாட்டிற்று?" என்பது தூண்டில்காரர்களின் எதிர்க்கேள்வி. பென்ஸன் என்பது ஒரு பெண் கெண்டையின் பெயர். பீட்டர்பரோ அருகே ஒரு மீன் ஏரியில் இருந்தது. அறுபத்து நான்கு பவுண்டு வரை எடை. பதின்மூன்று வருஷத்தில் அறுபது தடவைக்கு மேல் பிடித்துப் பிடித்து விட்டார்கள். 2009-இல் அது செத்தபோது லண்டன் 'எகானமிஸ்ட்' பத்திரிகையே இரங்கல் கட்டுரை எழுதிற்று. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? முதுகுத் துடுப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஓர் ஓட்டை இருந்ததாம். ஆகவே ஒரு சிகரெட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். அது ஏன் திரும்ப வந்தது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: பசி. அடைத்துவைத்த நீரில் வருஷம் முழுக்கக் கொட்டுகிற கொழுக்கட்டைதான் அதற்கு ஆகாரம். அறுபது முறை ஏமாந்தவனைப் பார்த்து, "உனக்கு ஏமாறுவதில் பிரியம்" என்று சொல்லுவது நியாயம் ஆகாது.

நம் நண்பரின் 'கொலை இல்லை' என்ற பெருமைக்கு வருகிறேன். மீன் வாசனைக் கொழுக்கட்டை என்று சொன்னேனே, அது வெறும் வாசனை அல்ல, மீன்தூள். உலகத்திலேயே அதிகமாக மீன்தூள் செய்வது பெரு நாடு. கடலிலிருந்து நெத்திலி ஜாதி மீன்களைக் கப்பல் கப்பலாக அள்ளி, காயவைத்து, அரைத்து மூட்டை கட்டுகிறார்கள். கால்நடைத் தீவனத்துக்கும் வளர்ப்பு மீனுக்கும் போவதைப்போல இந்தக் கொழுக்கட்டைக்கும் மீன்தூள் போகிறது. ஒரு கெண்டையைக் கொல்லாமல் விடுகிற புண்ணியத்துக்காகப் பெயரில்லாத நெத்திலிகள் எத்தனை மாவாகின்றன! பெயர் வைத்த மீனுக்கு மெத்தையும் மருந்தும். பெயரில்லாத மீனுக்கு அரவை மெஷின். ஜீவகாருண்யத்திலும் பெரிய மனிதன், சின்ன மனிதன் உண்டு போலும்.

இதெல்லாம் ஏதோ கீழ்நாட்டு எழுத்தாளனின் குதர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியில் 1972-ஆம் வருஷத்து மிருகப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காரணமின்றி ஒரு பிராணிக்கு வலியோ துன்பமோ உண்டாக்கக் கூடாது என்கிறது. சாப்பிடுவதற்காகப் பிடிப்பது காரணம். பிடித்து விடுவதற்காகவே பிடிப்பது காரணம் ஆகாது என்று அங்கே தூண்டில்காரர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். திருப்பி விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதை ஸ்விட்ஸர்லாந்து 2009 முதல் தடுத்திருக்கிறது. நாம் புண்ணியம் என்று கைகூப்புவது, இரண்டு எல்லை தாண்டினால் குற்றம்!

எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைக்க நான் விரும்பவில்லை. இங்கிலாந்துத் தூண்டில்காரர்களுக்கு நீரின்மேல் இருக்கிற பக்தி நமக்குக் கிடையாது. ஆறுகளை நாசமாக்குகிறவர்கள்மேல் வழக்குப் போடவென்றே 1948-இல் அவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். டெர்வென்ட் ஆற்றைக் கெடுத்த தொழிற்சாலையையும் டார்பி நகரசபையையும் ஒரு தூண்டில் சங்கம் நீதிமன்றத்துக்கு இழுத்து, 1952-இல் ஜெயித்துத் தடையுத்தரவு வாங்கிற்று. நம் கூவத்துக்கும் நொய்யலுக்கும் அப்படி வழக்காட நூறு மீன்பிடிப் பைத்தியங்கள் இங்கே இருந்திருந்தால் நான் அவர்களுக்கு மாலை போட்டிருப்பேன். ஆனால் நதியைக் காப்பாற்றினேன் என்பது மீனின் உதட்டைக் கிழிக்க உரிமைச் சீட்டு ஆகாது. கோவிலுக்குத் திருப்பணி செய்தவன் உண்டியலில் கைவிடலாமா?

"ஒரு வாரம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பதே ஒரு தியானம், ஸார்! மீன் சும்மா ஒரு சாக்கு" என்று சொல்லுகிறவர்களோடுதான் எனக்கு மனம் ஒட்டுகிறது. கதை எழுதுகிறவனுக்கு இது புரியாமல் போகாது. ஜார்ஜ் ஆர்வெல் 1939-இல் 'கமிங் அப் ஃபார் ஏர்' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. தொப்பை விழுந்தவன். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பதினேழு பவுனை மறைத்துவைத்துக்கொண்டு, மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பிறந்த ஊருக்குப் போகிறான். சிறுவயதில் அங்கே ஒரு மறைந்த குளத்தில் பெரிய பெரிய கெண்டைகளைக் கண்டிருக்கிறான். ஆனால் ஒரு நாளும் அங்கே தூண்டில் போட வாய்க்கவில்லை. அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் போகிறான். போனால் குளம் வற்றவைக்கப்பட்டுக் குப்பைக்குழியாகியிருக்கிறது! சுற்றிலும் குடியேறியிருப்பவர்கள் யார்? இயற்கையை ஆராதிப்பவர்கள், சைவ உணவுக்காரர்கள். நம் நண்பர் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அந்த ஏஜெண்டுக்கு வேண்டியிருந்தது மீன் அல்ல. யுத்தம் வரப்போகிற உலகத்தில் ஏழு நாள் அமைதி. அது யாருக்கு வேண்டாம்? கணக்கும் காகிதமுமாக வருஷம் முழுவதும் உழல்கிற மனிதன் ஏழு நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நல்ல காரியம் இல்லை என்பேன். மூன்று நாள் மணி கூவாமல் இருந்ததே, அந்த மூன்று நாளும் நான் கரையில்தான் இருந்தேன். விடியற்காலையில் நீரின்மேல் பஞ்சுபோல் மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒரு நாரை எழும்பிப் போயிற்று. சாயங்காலத்தில் நடு ஏரியில் பெரிய கெண்டை ஒன்று துள்ளி விழுந்து, அந்த அலைவட்டம் கரைக்கு வந்து சேர வெகுநேரமாயிற்று. இதற்கு ஒரு முள்ளும் தேவையாயிருக்கவில்லை. தூண்டில் போட்டால்தான் மனம் நீரில் நிலைக்கும் என்ற பழைய வாதத்தில் கொஞ்சம் சத்து இருந்தது. தக்கையைப் பார்த்த காலத்து வாதம் அது. இப்போது பார்க்கிற வேலை மணிக்கு. மனிதன் கூடாரத்தில் செல்போனோடு இருக்கிறான். சாக்கும் போய்விட்டது, மிச்சமிருப்பது முள் மட்டுமே.

"அப்படியானால் கொன்று தின்கிறவன் மேலா?" என்று நண்பர் சீறுவார். நான் மீன் தின்கிறவன் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஒளிக்காமல் சொல்லுகிறேன்: ஆம், அவன் மேல். அவன் செய்வது ஹிம்சை இல்லை என்பதால் அல்ல. அதை அவன் வேறு பெயரிட்டு அழைப்பதில்லை என்பதால். இதே கெண்டையை ஐரோப்பாவில் பரப்பியவர்களில் மடத்துத் துறவிகள் முக்கியமானவர்கள். மாம்சம் விலக்கான விரத நாட்களில் மீன் தின்ன வேண்டுமே! செக் நாட்டில் 1590-இல் கட்டி முடித்த ரோஷம்பெர்க் ஏரி இருக்கிறது. இன்றைக்கும் இலையுதிர் காலத்தில் அதன் நீரை வடித்து, வலையிழுத்து, கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டை எடுக்கிறார்கள். அங்கே சில வீடுகளில் பண்டிகை வரைக்கும் மீனைக் குளிக்கிற தொட்டியில் விட்டுவைப்பது வழக்கம். குழந்தைகள் அதற்குப் பெயர் வைப்பார்கள், பிறகு அழுவார்கள். அந்த அழுகையில் ஒரு சத்தியம் இருக்கிறது. ஒரு ஜீவன் போய்த்தான் பந்தியில் உணவு வருகிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் மேலூர், சிங்கம்புணரி, நத்தம் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றுகிற சமயம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினவுடன் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே சேற்றில் இறங்கும். அகப்படுவது விரால், கெளுத்தி. கூடவே கட்லா, ரோகு. இந்தக் கட்லாவும் ரோகும் அந்த இங்கிலாந்துக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான். பிடித்ததை விற்கக் கூடாது என்பது முறை. அன்று ஊர் முழுக்க மீன் குழம்பு. அகப்படாதவன் வீட்டுக்கும் அண்டை வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் போகும். அங்கே ஹிம்சை இல்லை என்று நான் சொல்லவில்லை. சேறு முழுக்க ஹிம்சைதான். ஆனால் யாரும் அதை மெத்தையில் கிடத்திக் கருணை என்று பெயர் சூட்டுவதில்லை.

என் நண்பரின் பேச்சு என்னை ஏன் இத்தனை உறுத்துகிறது என்பதை இப்போது சொல்லலாம். அவர் மீனுக்காக இரங்கவில்லை; சுத்தமான கையை மெச்சுகிறார். விளையாட்டுக்குப் பிடித்தவன் கையில் நாற்றம் இல்லை. ஆகவே அவன் தயாளன். வயிற்றுக்குப் பிடித்தவன் கையில் செதில் ஒட்டியிருக்கிறது. ஆகவே அவன் பாவி. இந்தக் கணக்கு ஏரிக்கரையோடு நிற்பதில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப பஸ் ஏறிய ஒரு மூதாட்டியை, நாற்றமடிக்கிறது என்று அரசாங்க பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டிக்க வேண்டி வந்தது. ஊழியர்கள் மூன்று பேர் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்த ஊழியர்களைத் திட்டிவிட்டு நாம் எல்லோரும் நிம்மதியாகப் பத்திரிகையை மடித்துவைத்தோம். ஆனால் அவர்களை அப்படிச் செய்யத் துணிய வைத்த முகச்சுளிப்பு எங்கே பிறந்தது? நாற்றமில்லாத ஹிம்சைக்குக் கைகூப்பி, நாற்றமுள்ள உழைப்புக்கு மூக்கைப் பொத்துகிற நம் போன்ற நாகரிகஸ்தர்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

மீனை வதைக்காமல் இருக்க வேண்டுமா? தாராளமாக இருங்கள். அதற்கு ஒரே வழி தூண்டிலைத் தொடாமல் இருப்பதுதான்; அப்படி இருப்பவரை நான் வணங்குகிறேன். சாப்பிட வேண்டுமா? பிடித்தவனுக்கு விலையைக் கொடுத்து, பிடிபட்டதற்கு நன்றி சொல்லிச் சாப்பிடுங்கள். ஏழு நாள் ஏரிக்கரையில் சும்மா உட்கார வேண்டுமா? அதைவிடச் சிறந்த லீவு கிடையாது. ஒரு மடக்கு நாற்காலி போதும். இந்த மூன்றிலும் மனிதன் மரியாதையோடு நிற்கலாம். புண்படுத்திவிட்டு மருந்து தடவி, அதற்குச் சாட்சியாகப் போட்டோவும் எடுத்துக்கொள்கிற நாலாவது வழியை ஆட்டம் என்று சொல்லுங்கள், பொழுதுபோக்கு என்று சொல்லுங்கள், நான் வாயைத் திறக்கவில்லை. ஜீவகாருண்யம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்காகப் பட்டினி கிடந்தவர்களும் உயிரைக் கொடுத்தவர்களும் இருந்த நாடு இது.